நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லை: எப்போது ஓட வேண்டும், எப்போது பொறுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். பெரும்பாலும் அதற்குள் யாரோ கொண்டுவந்து விட்ட ஒரு குட்டியும் இருக்கும். ஒன்பது வருடப் பழக்கம். அதனால் தெருவில் எந்த வீட்டுக் குட்டி சுருண்டு படுத்தாலும் எனக்குத்தான் போன் வருகிறது, அதுவும் இரவு ஒன்பதரைக்கு மேல். கேள்விகள் திரும்பத் திரும்ப அவையேதான். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் நள்ளிரவில் நான் தூக்கக் கலக்கத்தில் உளற வேண்டாமே என்று எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. இங்கே இருப்பதெல்லாம் மருத்துவர்களிடம் திட்டு வாங்கிக் கற்றது. எந்த மருந்துக்கும் அளவு சொல்லப்போவதில்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

காலையிலிருந்து குட்டி சாப்பிடவில்லை. இன்று ஒரு நாள் பார்த்துவிட்டு நாளை போகலாமா?

முதலில் வயதைச் சொல்லுங்கள். ஐந்து மாதக் குட்டி ஒரு வேளை தட்டை முகர்ந்துவிட்டுப் போய், அடுத்த நிமிடம் செருப்பைக் கடித்து இழுக்கிறது என்றால் அடுத்த வேளை வரை பொறுக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி தொடர்ந்து இரண்டு வேளை மறுத்தால் அன்றே காட்ட வேண்டும். மறுப்பதோடு வாந்தியோ, பேதியோ, சோர்வோ சேர்ந்துகொண்டால் "நாளை" என்ற பேச்சே வேண்டாம்.

வளர்ந்த நாயைப் பார்த்த கண்ணால் குட்டியைப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. வளர்ந்த நாய் ஒரு நாள் பட்டினி கிடந்து தானே எழுந்துவிடும். குட்டிக்கு அந்தக் கையிருப்பு இல்லை. ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பிலிருந்து 100 மி.லி. நீர், அதாவது டீக்கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்று, போனாலே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த நிலையில் கண் குழிந்துவிடும், கால் சில்லிட்டுவிடும். நாலைந்து முறை பேதி போனால் அந்த ஒரு டம்ளர் தீர்ந்துவிடும்.

எந்த அறிகுறிக்கு நேரம் காலம் பார்க்காமல் ஓட வேண்டும்?

மூச்சுவிடத் திணறுவது, நாக்கு நீலமாவது, ஈறு வெள்ளைத்தாள் போல வெளுப்பது, மயங்கிக் கிடப்பது, வலிப்பு, ரத்தப் பேதி, நிற்காத வாந்தி, வயிறு பலூன் போல ஊதி வெறும் ஓக்களிப்பு மட்டும் வருவது, சிறுநீரே போகாமல் முக்குவது, வாகனம் மோதியது, விஷம் தின்றது, பாம்பு கடித்தது. இவற்றில் ஒன்று போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வண்டி மோதிய குட்டி எழுந்து நடந்தாலும் காட்ட வேண்டும். உள்ளே கசியும் ரத்தம் வெளியே தெரியாது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகம் அஞ்சுகிறேன். அது அமைதி. தினமும் கதவுச் சத்தம் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வரும் குட்டி, இன்று கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொள்கிறது. "பாவம், நல்லா தூங்குது" என்பார்கள். தூங்கும் குட்டியைத் தூக்கினால் சிணுங்கும், நெளியும். நோயுற்ற குட்டி ஈரத்துணி போலக் கையில் தொங்கும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கையில் உணர்ந்துவிட்டால் மறக்காது.

ஈறைப் பார் என்கிறார்கள். அதில் என்ன தெரியும்?

மேலுதட்டைத் தூக்குங்கள். கோரைப் பல்லுக்கு மேலே உள்ள ஈறு இளஞ்சிவப்பாக, எச்சிலில் பளபளப்பாக இருக்க வேண்டும். விரல் நுனியால் ஒரு கணம் அழுத்தி விடுங்கள். அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் குன்றியிருக்கிறது என்று பொருள். விரலை ஈறில் வைத்து எடுக்கும்போது பசை போல ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. தோள்களுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம் போல நின்றாலும் அதேதான். ஒரு வாரக் கைக்குட்டியிடமும், எலும்பும் தோலுமான குட்டியிடமும் இந்தத் தோல் சோதனையை நம்ப முடியாது. ஈறுதான் சாட்சி.

வெள்ளை என்றால் ரத்தச்சோகை அல்லது அதிர்ச்சி நிலை. நீலம் என்றால் பிராணவாயு போதவில்லை. செங்கல் சிவப்பு என்றால் வெப்பத் தாக்கு அல்லது ரத்தத்தில் பரவிய கிருமி. மஞ்சள் என்றால் கல்லீரலோ, சிவப்பணு உடைவதோ. நம் நாட்டுக் குட்டிகள் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறச் சவ்வைப் பாருங்கள், அல்லது நாக்கைப் பாருங்கள். குட்டி நன்றாக இருக்கும் நாளிலேயே இதைச் செய்து பழகுங்கள். நல்ல நாளின் நிறம் தெரியாதவருக்குக் கெட்ட நாளின் நிறம் எப்படித் தெரியும்?

மூக்கு காய்ந்து சூடாக இருக்கிறது. காய்ச்சல்தானே?

மூக்கை நம்பாதீர்கள். தூங்கி எழுந்த குட்டிக்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்று தனியாக வாங்கி வையுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் மெல்லச் செலுத்திப் பார்க்க வேண்டும். நாய்க்கு இயல்பான வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் 98.6-ஐ மனதில் வைத்துக்கொண்டு 101-ஐப் பார்த்துப் பதறி, மனிதர்களின் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்தவர்கள் உண்டு.

104-க்கு மேலே போனால் மருத்துவரிடம் போக வேண்டும். 99-க்குக் கீழே இறங்கினால் அதைவிட வேகமாகப் போக வேண்டும். சோர்ந்த குட்டியின் உடல் குளிர்வது நோய் தணிந்ததற்கு அடையாளம் அல்ல, உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. பிறந்து சில வாரமே ஆன குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

இரண்டு முறை வாந்தி எடுத்தது. நாய் என்றால் வாந்தி எடுக்காதா?

எடுக்கும். அவசரமாக விழுங்கிவிட்டு ஒருமுறை கக்கி, அதையே மறுபடி தின்னப் போகும் குட்டியைப் பார்த்து நானும் பதறுவதில்லை. சில மணி நேரத்துக்குள் மூன்றாவது முறை எடுத்தாலோ, குடித்த தண்ணீரே வெளியே வந்தாலோ, மஞ்சள் நுரையோடு படுத்துக்கொண்டாலோ, காப்பித்தூள் போலவோ ரத்தமாகவோ வந்தாலோ உடனே கிளம்புங்கள். நூடுல்ஸ் போல உருளைப்புழு வந்தால் பூச்சி மருந்து தேவை. அன்றோ மறுநாளோ காட்டினால் போதும், குட்டி துறுதுறுவென்று இருக்கும் வரை.

வாந்தி மட்டும் வந்து பேதியே இல்லை, மலமும் போகவில்லை, வயிற்றைத் தொட்டால் கத்துகிறது என்றால் எதையாவது விழுங்கிக் குடல் அடைத்திருக்கலாம். நம் வீடுகளில் வழக்கமான குற்றவாளிகள் மாங்கொட்டை, மக்காச்சோளத் தக்கை, கோழி எலும்பு, சாக்ஸ். நூலோ கயிறோ ஆசனவாயில் தொங்கினால் பிடித்து இழுக்கவே கூடாது. உள்ளே குடலை அறுத்துவிடும்.

பேதியில் ரத்தம் வருகிறது. பார்வோதானா?

பார்வோ என்பது நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். கொக்கிப்புழு, வேறு ஒட்டுண்ணிகள், கண்டதைத் தின்றது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டி, தடுப்பூசி முழுதாக முடியவில்லை, வாந்தியும் ரத்தப் பேதியும் சேர்ந்து வருகிறது என்றால் வேறு ஏதென்று நிரூபணமாகும் வரை அதைப் பார்வோ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல்தான் இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டது. ஒன்றிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. தொற்றிய மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் அறிகுறி தெரியும். குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்களையும், எலும்பு மஜ்ஜையையும் அது தாக்குகிறது. குடல் சுவர் உரிந்துபோகும்போது நீர் வெளியே கொட்டுகிறது, குடல் கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைகின்றன, எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களோ அதே நேரத்தில் சரிகின்றன. குட்டியைக் கொல்வது இந்த மும்முனைத் தாக்குதல்தான்.

முதல் நாள் ரத்தம் இருக்காது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மணி. கறுப்பு உடம்பு, நான்கு காலிலும் வெள்ளை. ஒரு புதன்கிழமை மாலை முட்டையை வேண்டாமென்று ஒதுக்கினான். இரவு இரண்டு முறை வெள்ளை நுரை. தயிர்ச்சோற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். விடியற்காலை நான்கரைக்குத் திண்ணைக் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது: துருப்பிடித்த இரும்பும் அழுகிய இறைச்சியும் கலந்தது போல. பெட்டியில் விரித்திருந்த பழைய வேட்டி முழுக்கத் தக்காளிச் சாறு நிறம். மணியின் ஈறை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன், சிவக்கவே இல்லை. ஏழு மணிக்கு மருத்துவர் வந்தார். நரம்பு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த குட்டிகளில் பார்வோவிலிருந்து பிழைத்தவை, ரத்தம் வரும் முன்பே, "சாப்பிடவில்லை, ஒரு வாந்தி" என்ற கட்டத்திலேயே டிரிப்ஸ் ஏற்றப்பட்டவை. வைரஸைக் கொல்லும் நேரடி மருந்து சாதாரணமாக நமக்குக் கிடைப்பதில்லை. இழந்த நீரையும் உப்பையும் சர்க்கரையையும் நரம்பு வழியே திருப்பித் தருவது, வாந்தியை நிறுத்துவது, கிருமித் தொற்றைத் தடுப்பது, குட்டி தானே எதிர்ப்புச் சக்தி திரட்டும் வரை தாங்கிப் பிடிப்பது, இவைதான் சிகிச்சை. விட்டுவிட்டால் பத்தில் ஒன்பது வரை சாகும். தீவிர சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவை பிழைக்கும்.

ஊசி போட்டிருக்கிறோமே, பிறகு எப்படிப் பார்வோ வரும்?

எத்தனை ஊசி, எந்த வயதில்? 45-ஆம் நாள் ஒன்று போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்கள்தான் அதிகம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும் வரை தடுப்பூசியையும் அது சேர்த்தே அழித்துவிடும். அந்தத் தாய்க் கவசம் எப்போது கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நடுவில் ஒரு தவணையைத் தவறவிட்டால் அந்த இடைவெளியில் வைரஸ் நுழையும். கடைசி ஊசிக்கு முன் குட்டியைத் தெருவில் இறக்கி, "எல்லா நாயோடும் பழகட்டும்" என்று விடுவதும் அதே போன்ற தவறுதான்.

பார்வோ டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

மலத்தைத் தொட்டு எடுத்துப் பத்து நிமிடத்தில் பார்க்கும் அட்டைப் பரிசோதனையைச் சொல்கிறீர்கள். நோய் தொடங்கிய முதல் நாளிலும், நாட்கள் கடந்த பிறகும் அது ஏமாற்றலாம். ஊசி போட்ட சில நாட்களுக்குள் எடுத்தால் மங்கலான கோடு பொய்யாகவும் விழலாம். குட்டி மோசமாக இருக்கிறது, அட்டை மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் நான் குட்டியைத்தான் நம்புவேன். ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

டாக்டரிடம் போகும் வரை வீட்டில் என்ன கொடுக்கலாம்? குழந்தையின் காய்ச்சல் சிரப் இருக்கிறது.

அந்த சிரப்பை முதலில் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பாராசிட்டமால், ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் நாய்க்கு, அதிலும் குட்டிக்கு, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கக் கூடியவை. பேதியை நிறுத்தும் மனித மாத்திரையும் வேண்டாம். வெளியேற வேண்டிய நஞ்சை உள்ளே பூட்டிவைக்கும். பூண்டு, வெங்காயம் சேர்த்த கை வைத்தியம் எதுவும் கூடாது, அவை சிவப்பணுவை உடைக்கும். மாதுளைத் தோல் கஷாயம் பற்றி ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். அதனால் போகும் உயிரைவிட, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் அரை நாளால் போகும் உயிர் அதிகம்.

வாந்தி இல்லாத, விழிப்போடு இருக்கும் குட்டிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாக நக்கக் கொடுக்கலாம். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் குட்டிக்கு வாய் வழியே எதையும் திணிக்காதீர்கள். மயங்கிய குட்டியின் வாயில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். சோற்றுக் கஞ்சி, வேகவைத்த கோழி எல்லாம் தேறி வரும் கட்டத்துக்கு.

குட்டி தள்ளாடி விழுந்து கை கால் இழுக்கிறது. என்ன செய்வது?

கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் விரலையோ கரண்டியையோ வைக்காதீர்கள். கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்தும் வழக்கம் மனிதருக்கே பயன்படாது, நாய்க்குப் பயன்படவா போகிறது? முட்டிக்கொள்ளும் பொருட்களை விலக்கி, விளக்கை அணைத்து, முடிந்தால் போனில் ஒரு நிமிடம் படம் பிடியுங்கள். மருத்துவருக்கு உங்கள் வர்ணனையைவிட அது உதவும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ உயிருக்கு ஆபத்து. குட்டிக்கு முதல் வலிப்பு என்றால் எத்தனை விநாடி என்று பார்க்காமல் அன்றே காட்டுங்கள்.

சின்னஞ்சிறு குட்டி, பொமரேனியன் போன்ற சிறிய இனம், வெகுநேரம் சாப்பிடவில்லை என்றால் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள், ஊற்ற வேண்டாம். அதுவும் வலிப்பு ஓய்ந்த பிறகுதான் தடவ வேண்டும். சில நிமிடத்தில் தலையைத் தூக்கும். தூக்கிவிட்டதே என்று பயணத்தை ரத்து செய்யாதீர்கள். சர்க்கரை ஏன் இறங்கியது என்பது இன்னும் தெரியவில்லை. கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல் என்று சில வாரம் இருந்துவிட்டுப் பிறகு இழுப்போ, ஓயாத தசைத் துடிப்போ வந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவமனைதான், அதுவும் மற்ற நாய்களிடமிருந்து விலக்கி வைத்து.

காதெல்லாம் உண்ணி. குட்டி வெளுத்துப்போய்ச் சோம்பலாக இருக்கிறது. உண்ணியைப் பிடுங்கினால் சரியாகுமா?

பிடுங்குவது போதாது. ஒரு கிலோ குட்டியின் உடலில் மொத்த ரத்தமே 80, 90 மி.லி.தான். உண்ணி குடிப்பது ஒரு பக்கம் என்றால், அது கடத்தும் பேபிசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவை உடைக்கிறது, எர்லிக்கியா என்ற பாக்டீரியா ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவைக் குறைக்கிறது. சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். சில நேரம் ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும். சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கென்று ரத்த வங்கி இருக்கிறது.

உண்ணியே இல்லாத மூன்று வாரக் குட்டி வெளுத்து, தார் போலக் கறுப்பாக மலம் போகிறது என்றால் கொக்கிப்புழு. தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். மலத்தில் முட்டை தெரிவதற்கு முன்பே ரத்தத்தை உறிஞ்சி முடித்திருக்கும். இன்னொரு எச்சரிக்கை: மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குட்டியின் மேல் ஊற்றிவிட்டு, எச்சில் ஒழுக நடுங்கும் குட்டியோடு வருகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது உண்டு. அப்படி ஆகிவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, மருந்துப் புட்டியோடு ஓடுங்கள்.

மூச்சு வாங்குகிறது. வெயிலா, நோயா?

அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு எத்தனை முறை எழுந்து அடங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 40-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் காட்ட வேண்டும். வயிற்றை எக்கி எக்கி மூச்சு விடுவது, கழுத்தை நீட்டி முழங்கையை விரித்து நிற்பது, படுக்க முடியாமல் தவிப்பது எல்லாம் உடனடி அவசரம்.

கத்திரி வெயிலில் மொட்டை மாடியிலோ பூட்டிய காரிலோ இருந்த குட்டி விடாமல் இரைத்து, ஈறு செங்கல் சிவப்பாகித் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கி, குழாய்த் தண்ணீரால் உடம்பு முழுக்க நனைத்து மின்விசிறியைப் போடுங்கள். ஐஸ் வேண்டாம், தோலின் ரத்தக் குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே தங்கிவிடும். வெப்பம் 103-க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். எழுந்து நடந்தாலும் போக வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்தான் தெரியும்.

எதையோ தின்றுவிட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடாது. உப்பே குட்டியைக் கொல்லும். ஆசிட், ஃபினாயில், மண்ணெண்ணெய் போன்றவை மேலே வரும்போது இரண்டாம் முறை சுடும். மிச்சத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு, தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். எலி கேக் தின்ற குட்டி இரண்டு மூன்று நாள் விளையாடிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகுதான் ரத்தம் கசியத் தொடங்கும். அறிகுறிக்காகக் காத்திருந்தால் வாய்ப்பை இழந்தீர்கள். சாக்லேட், திராட்சை, பாயசத்தில் போடும் உலர் திராட்சை, சர்க்கரையில்லா இனிப்புகளில் சேர்க்கும் சைலிடால் ஆகியவையும் விஷக் கணக்கில்தான் வரும்.

தாய் இல்லாத, கண்ணே திறக்காத குட்டி கிடைத்தது. பால் குடிக்க மாட்டேன் என்கிறது.

பாலைக் கீழே வையுங்கள். முதலில் சூடு. முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கத் தெரியாது. முதல் வாரத்தில் 95 முதல் 99 வரை இருப்பதே இயல்பு. 94-க்குக் கீழே குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது. அப்போது ஊற்றிய பால் உள்ளேயே தேங்கும், இல்லையென்றால் மூச்சுக்குழாய்க்குப் போகும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடோ, உங்கள் நெஞ்சோடோ வைத்து, ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொண்டு மெல்லச் சூடேற்றுங்கள். வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருக்கிறதா என்பது என் சோதனை. சூடான பிறகும் சப்பவில்லை, ஓயாமல் கீச்சிடுகிறது, அல்லது சத்தமே இல்லை என்றால் மருத்துவர்தான்.

பசும்பாலைவிடக் குட்டிகளுக்கான பால்மாவு நல்லது. குப்புற வைத்தபடியே கொடுங்கள், கைக்குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுக்காதீர்கள்.

குட்டிதானே, பல்லே முளைத்தும் முளைக்காமலும் இருக்கிறது. அதற்கு வெறிநோய் இருக்குமா?

இருக்கலாம். இரண்டு மாதக் குட்டிக்கும் வரும். திடீரென்று குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் திணறுவது, காரணமின்றிக் கடிப்பது என்று கண்டால் "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது" என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். தனியே அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

கடியோ, கீறலோ, புண்ணில் எச்சிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலுக்குள் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்றால் தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும் தேவை. குட்டி சாகிறதா பார்ப்போம் என்று பத்து நாள் எண்ணிக்கொண்டு முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருடனும் தர்க்கம் செய்வதில்லை, வண்டியில் ஏற்றிவிடுவேன்.

விக்கல் வருகிறது, தூக்கத்தில் கால் உதைக்கிறது. இதற்கும் ஓட வேண்டுமா?

வேண்டாம். விக்கல், கனவில் ஓடுவது, மூக்கால் குறட்டை போல இழுத்து அரை நிமிடத்தில் நின்றுவிடுவது, ஒருமுறை இளகிய மலம் போய்விட்டு வாலை ஆட்டுவது எல்லாம் குட்டிக் காலம். தட்டி எழுப்பினால் விழித்து உங்களைப் பார்க்கிறதா? அது கனவு. வலிப்பு என்றால் எழாது.

இரவு பதினொரு மணி. எங்கே போவது? கையில் பணமும் அதிகம் இல்லை.

இந்தக் கேள்விக்கான பதிலைப் பகலிலேயே தேடி வைக்க வேண்டும். அருகில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது, எந்த மருத்துவர் போனை எடுப்பார் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு கால்நடை மருத்துவமனை, பன்முக மருத்துவமனை உண்டு. வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, எங்களுக்குப் பக்கத்தில் ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் தனியார் கட்டணத்தைவிடக் குறைவாகவே ஆகும். நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும், ஆனால் அது முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது.

பணம் குறைவு என்பதை உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். எந்தச் சிகிச்சை முதலில் அவசியம், எது பொறுக்கலாம் என்று மருத்துவர் பிரித்துத் தருவார். தாமதமாகப் போனால் செலவு குறையாது. முதல் நாள் டிரிப்ஸோடு முடிந்திருக்கக் கூடியது மூன்றாம் நாள் ஐந்து நாள் படுக்கையாகிவிடும். துணியில் சுற்றி, சூடு குறையாமல், தடுப்பூசி அட்டையும் மலத்தின் படமும் எடுத்துப் போங்கள். பார்வோ சந்தேகம் என்றால் வாசலிலேயே சொல்லி வெளியே நில்லுங்கள். உள்ளே வேறு குட்டிகள் இருக்கும்.

டிரிப்ஸ் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி எப்போது பயப்பட வேண்டும்?

டிரிப்ஸ் ஏறியதும் குட்டி நிமிர்ந்து உட்காரும். அதைப் பார்த்து மறுநாள் போகாமல் நிற்பவர்கள்தான் நிறைய. உள்ளே குடல் இன்னும் ஆறவில்லை. ஏற்றிய நீர் சில மணி நேரத்தில் வெளியே போய்விடும். வரச் சொன்ன நாளெல்லாம் போக வேண்டும். வீட்டில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈறு, வெப்பம், வாந்தி, சிறுநீர் என்று நான்கு கட்டம் போட்டு ஒரு தாளில் குறியுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, நின்ற வாந்தி திரும்பினாலோ, தேறிக்கொண்டிருந்த குட்டியின் வயிற்றில் கெட்டியாக உருளை போலத் தட்டுப்பட்டாலோ காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொள்வது. பார்வோவுக்குப் பின் வரும், அறுவைதான் வழி.

போன குட்டி பார்வோவில் இறந்தது. புதுக் குட்டி எப்போது கொண்டுவரலாம்?

வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், நிழலான இடத்தில் ஒரு வருடம் வரைகூட, தாங்கும். ஃபினாயில் அதை அசைக்காது. தரையை முதலில் சோப்பால் கழுவிவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற விட வேண்டும். ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். மண் தோட்டத்தைக் கழுவ முடியாது என்பதால், தடுப்பூசி எல்லாத் தவணையும் முடிந்த குட்டியை மட்டுமே அங்கே விடுங்கள். மனிதர்களுக்கு இந்த வைரஸ் தொற்றாது. ஆனால் உங்கள் செருப்பில் ஏறிப் பக்கத்து வீட்டுக் குட்டிக்குப் போகும்.

பாத்திரத்தைப் பிளீச்சில் ஊறவைக்கலாம், துணியையும் பெட்டியையும் எரித்துவிடுவது நல்லது. எங்கள் திண்ணையில் ஒவ்வொரு குட்டிக்கும் புதுப் பெட்டிதான். தெருமுனை மளிகைக் கடை அண்ணன் கேட்காமலேயே பிஸ்கட் பெட்டியை எனக்கென்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்.